ஐந்நூற்று எண்பத்தேழு

இராஜரட்ணத்துக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஆனால் அந்த வாயைச் சனம் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு அவருடைய கையும் காலும் ஓடியாடி உழைக்கும். கென்னடி வீதியில் உள்ள விருந்து மண்டபமொன்றில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் மேற்பார்வை. கலியாணம், பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, பிள்ளையின் முதலாம் பிறந்தநாள், தகப்பனின் அறுபதாம் பிறந்தநாள் என்று அவர் கண்முன்னால் நடக்காத கொண்டாட்டம் கிடையாது. வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விடுவார்.

அந்த வேலையில் அவருக்குக் கைவந்த ஒரு வித்தை இருந்தது. எத்தனை பேர் உண்மையில் வருவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம். அழைப்பிதழை நீட்டுகிறவரின் முகத்துக்கு நேரே வரமாட்டோம் என்று சொல்ல நாக்கு வராது. "ஓம், ஓம், கட்டாயம் வாறம்" என்பார்கள். அது பொய்யல்ல, மரியாதை. சொல்கிறபோது சொல்கிறவருக்கே தான் போவாரா மாட்டாரா என்பது தெரியாது. பெண் வீட்டார் நானூறு பேர் கட்டாயம் வருகிறார்கள் என்று பட்டியலை நீட்டினால், இராஜரட்ணம் பவ்வியமாகத் தலையாட்டுவார். பிறகு குசினிக்குப் போய் இருநூற்று எண்பது பேருக்குச் சமைக்கச் சொல்வார். ஒரு நாளும் சோறு போதாமல் போனதில்லை, மிஞ்சிக் கொட்டியதும் இல்லை.

இப்பேர்ப்பட்ட மனுசன்தான் மெலனியின் காரியத்தில் ஆட்கணக்கால் வினை தேடிக்கொண்டார்.

மெலனி, நீக்கிலாஸின் மகள். மன்னாரிலிருந்து வந்த நீக்கிலாஸும் இராஜரட்ணமும் டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றில் ஒரே அறையில் நாலு வருடம் கிடந்தவர்கள். நீக்கிலாஸ் போய்ச்சேர்ந்து ஆறு வருடமாகிறது. மகள் சட்டம் படித்து, அதே டோர்செட் பார்க்கில் ஒரு சின்ன அலுவலகம் போட்டு, மாசி மாதத்தில் ஹீற்றர் வேலை செய்யாத வீடுகளில் நடுங்கிக்கொண்டிருந்த வாடகைக்காரருக்காக வழக்காடிப் பெயர் எடுத்தாள். முப்பத்தெட்டு வயது. தமிழ் விளங்கும், கதைக்கும்போது பாதியில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் தான் சேர்ந்திருந்த மாகாணக் கட்சியின் தலைமைக்குப் போட்டியிடப்போகிறேன் என்றபோது, முதலில் அழுதது இராஜரட்ணம்தான்.

அந்தக் கட்சி இந்த முறை அமெரிக்காக்காரரைப் பார்த்து ஒரு புது ஏற்பாடு செய்திருந்தது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் வாக்கெடுக்காமல், பகுதி பகுதியாக எடுப்பது. முதல் சனிக்கிழமை ஸ்காபரோ. அடுத்த சனிக்கிழமை பிரம்டனும் மிசிசாகாவும். பிறகு மற்ற ஊர்கள். போட்டியில் மூன்று பேர். ஒருவர் முன்னாள் அமைச்சர், எல்லாருக்கும் தெரிந்த முகம். இன்னொருவர் ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர், ஒருவருக்கும் தெரியாத முகம். மூன்றாவது மெலனி. முதல் ஊரில் ஆர் எப்படி வந்தார் என்று பார்த்துத்தான் அடுத்த ஊர்க்காரர் மனதை முடிவு செய்வார்கள் என்பது எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

மெலனியின் தேர்தல் வேலை ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்த அறையில் நடந்தது. பட்டியலுக்குப் பொறுப்பு யூஜினி. நகரசபையில் முப்பது வருடம் வேலை பார்த்து இளைப்பாறியவர், தேவையில்லாமல் ஒரு சொல்லும் பேசமாட்டார். வாக்குரிமையுள்ள அங்கத்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து முடித்ததும், ஆயிரத்து நாற்பது பேர் மெலனிக்குப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். யூஜினி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கதை இந்த அறைக்கு வெளியிலை போகக்கூடாது. ஐந்நூறு பேர் வந்தாலே எங்களுக்குப் பெரிய காரியம். ரெண்டு மாதத்துக்கு முதல் மெலனியை ஆருக்குத் தெரியும்? ஒண்டும் சொல்லாமல் இருந்திட்டு ரெண்டாமிடம் வந்தமெண்டால், பிரம்டன்காரர் ஆரிந்தப் பிள்ளை எண்டு திரும்பிப் பாப்பினம். ஒருத்தரும் நம்பர் சொல்லாதேங்கோ. முக்கியமா நீங்கள், அண்ணை."

எல்லாரும் சிரித்தார்கள். இராஜரட்ணமும் சிரித்து, இரண்டு விரலால் உதட்டைப் பூட்டிக் காட்டினார்.

பூட்டு மூன்று நாள் தாங்கியது. புதன்கிழமை காலை தமிழ் வானொலியில் ஒரு கலந்துரையாடல். மெலனிக்காக இராஜரட்ணமும், அதிபருக்காகக் கஜீவன் என்பவனும் போயிருந்தார்கள். கஜீவன் யூனியன்வில்லில் காப்புறுதி விற்கிறவன், நாற்பது வயது, பேச்சில் தேன் வடியும். அறிவிப்பாளர் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். சனிக்கிழமை எத்தனை வாக்கு எதிர்பார்க்கிறீர்கள்?

"எங்கட அதிபருக்கு ஸ்காபரோவிலை ஆர் இருக்கினம், அண்ணை?" என்றான் கஜீவன். "ஒரு இருநூறு கிடைச்சால் நாங்கள் கேக் வெட்டுவம்."

இராஜரட்ணத்துக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சபையில் இப்படித் தன்னைத்தானே குறைத்துக்கொள்கிற தமிழனை அவர் கண்டதில்லை. எங்கள் ஆட்கள் எண்பது பேர் வந்த விழாவையே அரங்கு நிறைந்த விழா என்றுதான் எழுதுவார்கள். அதோடு அவருக்கு ஒரு கணக்கும் இருந்தது. சனம் சனத்தைப் பார்த்துத்தான் வரும். கொஞ்சப் பேர் வருகிற இடத்துக்கு ஆர் மினக்கெட்டுப் போவார்கள்? பெரிதாகச் சொன்னால் பெரிதாக வரும். இதெல்லாம் பிறகு அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் மைக் கிட்ட இருந்தது, அவ்வளவுதான்.

"ஆயிரம்" என்றார். "ஆயிரத்துக்கு ஒண்டு குறைஞ்சால் என்ர பேரை மாத்திக் கூப்பிடுங்கோ, தம்பி."

கஜீவன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். நல்ல பண்பான பிள்ளை என்று இராஜரட்ணம் நினைத்தார்.

வெளியே வந்து காரில் ஏறுவதற்குள் யூஜினியிடமிருந்து நாலு தவறிய அழைப்பு. அவர் எடுக்கவில்லை. ஐந்தாவதாக வந்தது மெலனியின் அழைப்பு.

"அங்கிள், தௌசண்ட்? சீரியஸாவா? யூஜினி அன்ரி ஃபைவ் ஹண்ட்ரட் எண்டுதானே சொன்னவா?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் தவறிவிட்டது, பிள்ளை, இப்பவே திருப்பி வானொலிக்கு எடுத்துத் திருத்துகிறேன் என்று ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக அவர், "யூஜினி கணக்குப் படிச்சவ. நான் சனத்தைப் படிச்சவன். இருபத்திரண்டு வருசமா உதுதானே என்ர வேலை" என்றார்.

பிறகு மெலனி, "நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும். அப்பாவும் அப்பிடித்தான் சொல்லுறவர்" என்றாள். அவள் சிரிப்பது குரலில் தெரிந்தது. இரண்டு மாதமாகப் பயந்து பயந்து நடந்த பிள்ளை முதன்முறையாக நம்பத் தொடங்கினாள், அதுவும் அவருடைய வாயை. வியாழக்கிழமை ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் அந்த ஆயிரம் வந்துவிட்டது. பிறகு அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அன்று பின்னேரம் இராஜரட்ணம் மண்டபத்துக் குசினிக்குப் போனார். சனிக்கிழமை மெலனிக்கு வாக்களிக்க வருகிறவர்களுக்கு சிற்றுண்டியாக ரோல்சும் பற்றிசும் ஆளுக்கொரு பெட்டியில் கொடுப்பதாக ஏற்பாடு. எத்தனை பெட்டி என்று சமையற்காரர் கேட்டார். இராஜரட்ணம் யோசிக்கவே இல்லை.

"அறுநூறு போடும். காணும்."

சனிக்கிழமை பாடசாலை ஒன்றின் ஜிம்மில் வாக்கெடுப்பு. காலை ஒன்பது மணிக்கே சனம் வரத் தொடங்கியது. வழியெல்லாம் பாதி கரைந்த பனி சேறாகிக் கிடந்தது. சப்பாத்தைத் தட்டித் தட்டி உள்ளே வந்தார்கள். பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து அப்படியே வந்த பெண்கள், ரெக்ஸ்டேலில் இருந்து மகள் வீட்டுக்கு இடம்மாறி வந்த கிழவர் ஒருவர், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு சோடி. மெலனி வழக்காடிய கட்டடத்திலிருந்து ஒரு முழு மாடியே வந்தது, தமிழர், பிலிப்பினோ, சோமாலியர் என்று. இராஜரட்ணம் வாசலில்தான் நின்றார். ஆனால் வந்தவர்களை அவர் பார்க்கவில்லை. அவர்களுடைய தலைக்கு மேலால் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆராவது கை கொடுத்தால், கையைக் கொடுத்தபடியே, "மற்றவை எங்கை? உங்கட தங்கச்சியாக்கள் வரேல்லையே?" என்று கேட்டார்.

அவருடைய மனைவி யோகமலரின் ஒன்றுவிட்ட சகோதரி குடும்பமே வரவில்லை. ஆறு வாக்கு. யோகமலர் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

"ஆயிரம் பேர் போகினம் எண்டு ரேடியோவிலை நீங்கள் சொன்னனீங்களாம். பார்க்கிங் கிடையாது, வரிசை நீளும், நாங்கள் இல்லாட்டியும் பிள்ளை வெண்டிடும் எண்டு இருந்திட்டினமாம்."

அப்போதும் இராஜரட்ணம் சனத்தைத்தான் மனதுக்குள் திட்டினார், தன்னையல்ல.

நாலரை மணிக்கு முடிவு வந்தது. முன்னாள் அமைச்சர் தொளாயிரத்து மூன்று. மெலனி ஐந்நூற்று எண்பத்தேழு. அதிபர் முந்நூற்று நாற்பத்தொன்று.

மூன்றாமிடத்துக்காரர் ஆடினார்கள். கஜீவன் உண்மையாகவே ஒரு கேக் கொண்டுவந்திருந்தான். இருநூறு கேட்டோம், முந்நூற்று நாற்பத்தொன்று தந்தார்கள் என்று அவன் கமராவுக்கு முன்னால் தழுதழுத்தான். இரண்டாமிடத்துக்காரர் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். நிருபர் ஒருத்தி மெலனியிடம் ஒலிவாங்கியை நீட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். மற்ற நானூறு பேரும் எங்கே? மெலனி வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. அந்தப் பத்து விநாடி வீடியோதான் அன்று பின்னேரம் எல்லார் கைத்தொலைபேசியிலும் ஓடியது.

அமைச்சர் வென்றது செய்தியே இல்லை, அவர் வெல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்ததுதான். செய்தி இரண்டு. அதிபரின் ஆச்சரியமான எழுச்சி. மெலனியின் வீழ்ச்சி. எண்ணிப் பார்த்தால் அதிபரைவிட மெலனிக்கு இருநூற்று நாற்பத்தாறு வாக்கு அதிகம், ஆனால் ஆரும் எண்ணிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பிரம்டனில் மெலனிக்காக வேலை செய்ய ஒப்புக்கொண்டிருந்த இரண்டு பேர் அதிபர் பக்கம் போனார்கள். மெலனியை ஆதரித்து அறிக்கை விடுவதாக இருந்த தொழிற்சங்கம் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றது. அன்று மத்தியானம் இராஜரட்ணம் புடவைக்கடை மாடிக்குப் போனபோது யூஜினி தனியாக இருந்து சுவரில் ஒட்டியிருந்த தாள்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கட சனத்தை நம்பக்கூடாது" என்று தொடங்கினார் இராஜரட்ணம். "முகத்துக்கு முன்னாலை ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு..."

"அண்ணை" என்றார் யூஜினி. "எத்தினை பெட்டி ரோல்ஸ் சொன்னனீங்கள்?"

அவர் குளிருடுப்பின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"அறுநூறு. நான் எண்ணினனான். பதின்மூண்டு பெட்டி மிச்சம். வந்தவைக்கு ஆளுக்கொண்டு சரியாக் குடுபட்டிருக்கு. ஆயிரம் பேர் வருவினம் எண்டு நம்பின மனுசன் அறுநூறு பேருக்கோ சாப்பாடு சொல்லுவார்?"

இராஜரட்ணம் கதிரையில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை மைக்குக்கு முன்னால் இருந்தபோதும் தெரிந்திருந்தது. சோறு வீணாகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கணக்குச் சொல்கிற மனுசன், நீக்கிலாஸின் பிள்ளையின் காரியத்தில் கையில் இருந்த சரியான கணக்கைக் குசினிக்குச் சொன்னார், பிழையான கணக்கை ஊருக்குச் சொன்னார்.

"மெலனிக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"நான் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுங்கோ" என்றார் யூஜினி, அடுத்த தாளைக் கழற்றியபடி.

அவர் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று இரண்டு நாளைத் தள்ளினார். அந்த இரண்டு நாளில் இன்னும் மூன்று பேர் கழன்றார்கள். புதன்கிழமை மெலனி போட்டியிலிருந்து விலகினாள். அறிக்கை ஆறே வரிதான். ஸ்காபரோ மக்களின் நம்பிக்கையைத் தன்னால் பெற முடியவில்லை என்று அதில் ஒரு வரி. இராஜரட்ணம் அதைச் சமையலறையில் நின்றபடி வாசித்தார். யோகமலர் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார். அந்த வரி பொய், அதை மெலனியை எழுத வைத்தது தன்னுடைய வாய் என்று அவருக்குத் தெரியும்.

அதோடு முடிந்திருந்தால் காலப்போக்கில் அவர் மறந்திருப்பாரோ என்னவோ. அடுத்த சனிக்கிழமை பிரம்டனிலும் மிசிசாகாவிலும் வாக்கெடுப்பு நடந்தது. வாக்குச்சீட்டு முன்பே அச்சடித்தாயிற்று, மெலனியின் பெயரும் அதில் இருந்தது. அவளுக்கு விழுகிற வாக்கு செல்லாது, என்றாலும் பதிவுக்காக எண்ணினார்கள். அமைச்சருக்கு நானூற்றுப் பத்து. அதிபருக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. விலகிப் போய்விட்ட, ஒருவரும் வேலை செய்யாத, ஒரு சுவரொட்டிகூட ஒட்டாத மெலனிக்கு முந்நூற்று அறுபத்தாறு.

யோகமலர் இரண்டு தரம் கேட்டார்.

"அவ விலத்தீட்டா எல்லே? பிறகு ஆர் போட்டது?"

"தமிழ் ரேடியோ கேக்காத சனம்" என்றார் இராஜரட்ணம். சொன்னபிறகுதான் அதன் பாரம் அவருக்கே விளங்கியது. அவருடைய ஆயிரத்தைக் காதால் கேட்டிராத சனம். மெலனி விலகாமல் இருந்திருந்தால் என்று நினைக்கத் தொடங்கி, அதற்கு மேல் நினைக்கத் தைரியமில்லாமல் எழுந்து குளிருடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை மெலனியின் அலுவலகத்துக்குப் போனார். டோர்செட் பார்க்கில், கீழே பலசரக்குக் கடை, மேலே அவள். நாலு பேர் கோப்புகளோடு காத்திருந்தார்கள். அவள் அவர்களிடம் பத்து நிமிடம் கேட்டு, அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மெலிந்திருந்தாள். கோபமாக இருப்பாள் என்று ஆயத்தமாக வந்தவருக்கு அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டியது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அறுநூறு பெட்டியைச் சொன்னார். தெரிந்துகொண்டே சொன்னேன் என்றார். வானொலி நிலையத்தை விட்டு வெளியே வந்த உடனே அவள் கேட்டபோதும் பொய் சொன்னேன் என்றார். மன்னிப்புக் கேட்டார். நீக்கிலாஸ் இருந்திருந்தால் தன்னைச் செருப்பால் அடித்திருப்பான் என்றார்.

"அடிக்கமாட்டார். அப்பாவும் உங்களை மாதிரித்தான்" என்றாள் மெலனி. சிரிக்கப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள்.

"நான் உங்களில ஆங்கிரி இல்லை, அங்கிள். முதல் ரெண்டு நாள் இருந்தனான். இப்ப இல்லை. நீங்கள் தௌசண்ட் எண்டு சொன்னனீங்கள். ஆனா அதை நம்பினது நான். எனக்கு அது பிடிச்சிருந்தது."

"பிள்ளை, அப்பிடிச் சொல்லாதையம்மா. பிழை என்ரை."

"இல்லை, கேளுங்கோ. ரிசல்ட் வாசிக்கேக்க நீங்கள் என்ன செய்து கொண்டிருந்தனீங்கள்?"

அவர் யோசித்தார். "தலையைக் குனிஞ்சு கொண்டு நிண்டன்."

"ஓம். நான் ஸ்டேஜில நிண்டதால எல்லாரையும் பாத்தனான். ஃபைவ் எய்ட்டி செவன் எண்டு அவர் வாசிச்ச உடனே எங்கட சனம் கை தட்டினது, அங்கிள். சந்தோசமாத் தட்டினது. அவைக்கு அது பெரிய நம்பர். அந்த பில்டிங்கிலயிருந்து வந்த ஆக்கள், நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த அன்ரிமார், ஒராள் பேபியைத் தூக்கிக் காட்டினவர். பிறகு என்ர முகத்தைப் பாத்திச்சினம். உங்கட முகத்தைப் பாத்திச்சினம். பாத்திட்டு, தட்டினதை நிப்பாட்டிச்சினம்."

வெளியே காத்திருந்தவர்களில் ஆரோ இருமினார்கள்.

"தாங்ஸ் எண்டு நான் ஒரு வார்த்தை சொல்லேல்லை. வராத ஆக்களையே யோசிச்சுக்கொண்டு நிண்டன். அவை தாங்கள் ஏதோ பிழை செய்திட்டம் எண்ட மாதிரி ஒவ்வொருத்தரா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போச்சினம்."

இராஜரட்ணம் போத்தலின் மூடியைத் திறந்தார், குடிக்காமல் திரும்ப மூடினார். அந்தக் கைதட்டல் அன்று அவருக்கும் கேட்டிருந்தது. கஜீவனின் ஆட்கள் நக்கலுக்குத் தட்டுகிறார்கள் என்று நினைத்துத்தான் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.